கடைசிப் படத்தில் நெம்மேலி

சைதாப்பேட்டையில் பெரியம்மா வீட்டு பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் ஒரு ஆல்பம் இருக்கிறது. கறுப்பு அட்டைப் பக்கங்கள், நடுநடுவே மெல்லிய தாள், படத்தின் நாலு மூலையையும் பிடித்துக்கொள்ள முக்கோணக் காகிதம். அதில் ஒரு படத்தை மட்டும் நான் பல வருடம் சரியாகப் பார்த்ததே இல்லை. எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிற, யாரும் சிரிக்காத, கொஞ்சம் சாய்ந்துபோன கறுப்பு வெள்ளைப் படம். முதுகில் பெரியப்பாவின் கையெழுத்து: 'காணும் பொங்கல், 1979. நெம்மேலி.'

"மாமல்லபுரம்தானே போனீங்க, நெம்மேலின்னு ஏன் எழுதியிருக்காரு?" என்று பெரியம்மாவைக் கேட்டேன்.

"திரும்பி வர்றப்போ வேன் பஞ்சர். கேமராவுல ஒரு படம் மிச்சம் இருந்துச்சு. அது முடிஞ்சாத்தான ரோலைக் கழுவக் குடுக்க முடியும்? எல்லாரும் போய் மணல்ல நில்லுங்கன்னுட்டாரு. பசங்க பசியில அழுவுறாங்க, இவருக்குப் படம்!"

பெரியப்பாவின் கேமரா ஆக்பா க்ளிக் 3. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். அந்த நாளின் முதல் பதினொன்றும் ஆல்பத்தில் வரிசையாக இருக்கின்றன. ஐந்து ரதம், யானை, வெண்ணெய் உருண்டைப் பாறையை முட்டுக்கொடுப்பதுபோல் சித்தப்பா, வடநெம்மேலி முதலைப் பண்ணைச் சுவரோரம் மிரண்டுபோய் அக்கா. எல்லாமே ஆயிரம் வீட்டு ஆல்பங்களில் இருக்கிற படங்கள். ஆட்களை மட்டும் மாற்றிவைத்தால் போதும். பன்னிரண்டாவது, மிச்சம் விழுந்ததால் எடுத்த படம், அப்படியில்லை. அதில் ஒரு கடற்கரை இருக்கிறது. இன்று அந்த இடத்துக்குப் போனால் அந்தக் கரை இல்லை.

குடும்பப் படங்களை நாம் முகத்துக்காகப் பார்க்கிறோம். இது யாரு, அது யாரு, அப்பவே இவனுக்கு முன்நெத்தி ஏறிடுச்சு பாரு. ஐம்பது வருடம் கழித்து அதே படத்தில் முகத்தைவிட முதுகுப்பக்கம் முக்கியமாகிவிடுகிறது. எடுத்தவர் கவனிக்காமல் விட்டதெல்லாம் வரலாறாகி நிற்கிறது. அந்த முதுகுப்பக்கம் யாருடையது என்ற கேள்விதான் என்னை இந்தக் கட்டுரைக்குள் இழுத்துக்கொண்டு வந்தது.

கொஞ்சம் பின்னால் போவோம்.

சென்னைக்குப் புகைப்படம் சீக்கிரமே வந்துவிட்டது. 1850இல் ஓவியப் பள்ளி தொடங்கிய மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் போன்றவர்களின் முயற்சியில் 1850களின் நடுப்பகுதியிலேயே இங்கே ஒரு புகைப்படச் சங்கம் உருவானது. அதில் இருந்தவர்கள் அதிகாரிகள், ராணுவத்தார், மருத்துவர்கள். பொழுதுபோக்காக எடுத்தவர்கள், அதாவது அமெச்சூர்கள். ஆனால் அன்றைக்கு அமெச்சூர் என்றால் காசும் நேரமும் சுமைகூலியாட்களும் உள்ளவர் என்று அர்த்தம். அப்படி விருப்பத்துக்காகக் கற்றுக்கொண்டு பிறகு மதராஸ் அரசின் புகைப்படக்காரராகவே ஆனவர் லின்னேயஸ் ட்ரைப். 1858இல் மாட்டுவண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். அவருடைய படங்கள் அபாரமானவை. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டி ஒரே நீளப் படமாக்கியவர் அவர். ஆனால் அந்தப் படங்களில் பெரும்பாலும் ஆளே கிடையாது. வெகுநேரம் திறந்து வைத்தால்தான் படம் பதியும் காலம். அசைகிற எதுவும் கரைந்துபோகும். கல் நிற்கும், மனிதன் நிற்கமாட்டான். ஊரே காலிசெய்துவிட்டுப் போனதுபோல கோபுரங்கள் மட்டும் நிற்கின்றன.

மனிதர்கள் படத்துக்குள் வந்தபோதும் எல்லோரும் ஒரே மாதிரி வரவில்லை. ஜூலியா மார்கரெட் கேமரூனை எடுத்துக்கொள்ளுங்கள். கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில் மகள் பரிசாகக் கொடுத்த கேமராவில் தொடங்கி உலகப் புகழ் பெற்ற அமெச்சூர். இங்கிலாந்தில் அவர் எடுத்த டென்னிசன், டார்வின் முகங்கள் பெயரோடு நிற்கின்றன. 1875இல் இலங்கைக்குக் குடிபோனார். 1879இல் அங்கேயே இறந்தார். அங்கே தோட்டத் தொழிலாளர்களையும் அக்கம்பக்கத்து மக்களையும் எடுத்தார். படங்கள் இருக்கின்றன, முகங்கள் துல்லியமாக இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் பெயர்தான் இல்லை. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியோடு சேர்ந்து 1909இல் ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி வெளியிட்டார். அதிலும் அப்படித்தான். படத்துக்குக் கீழே சாதிப் பெயர் இருக்கும், ஆளின் பெயர் இருக்காது. இருளர் என்று போட்டிருக்கும். எந்த இருளர்?

கேமரா கைமாறியது வேறு வழியில். 1888இல் ஈஸ்ட்மன் முதல் கோடக் கேமராவை விற்றபோது உள்ளேயே நூறு படத்துக்கான சுருள் இருந்தது. எடுத்து முடித்ததும் கேமராவையே கம்பெனிக்கு அனுப்பிவிட வேண்டியதுதான். கழுவி, அச்சிட்டு, புதுச் சுருள் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். 1900இல் ஒரு டாலருக்கு பிரவுனி வந்தது. இருட்டறையும் ரசாயனமும் தெரியாதவர்கள் படம் எடுக்கத் தொடங்கினார்கள். அவர்களுக்குக் கோபுரம் முக்கியமில்லை. கோபுரத்துக்கு முன்னால் நிற்கிற தங்கச்சிதான் முக்கியம்.

மாமல்லபுரத்துக்கு வருவது அன்றைக்குச் சின்ன வேலை இல்லை. பக்கிங்காம் கால்வாயில் ராத்திரி முழுக்கப் படகில் வரவேண்டும். இல்லையென்றால் செங்கல்பட்டுவரை ரயில், அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக வண்டி. அந்தச் சிரமத்தோடு வந்த வெள்ளைக்காரக் குடும்பங்களும், பிறகு சென்னையின் வசதியான குடும்பங்களும்தான் இந்தக் கரையைத் தங்கள் ஆல்பங்களில் முதலில் ஒட்டியவர்கள். நெம்மேலி அப்போது படகிலிருந்து கிழக்கே தெரியும் தென்னையும் மணல்மேடும். இறங்க ஒரு காரணமும் இல்லாத ஊர்.

பயணத்தையும் கேமராவையும் சேர்த்துப் பிடித்த தமிழர் என்றால் ஏ.கே.செட்டியார் நினைவுக்கு வருவார். 1930களில் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்துவிட்டு, காந்தியைப் பற்றிய படச்சுருள்களைத் தேடி உலகமெல்லாம் அலைந்து 50,000 அடி சேர்த்தார். 1940இல் ஆவணப்படமாக வெளியிட்டார். யாரோ, எங்கேயோ, வேறு எதற்காகவோ எடுத்து வைத்த துண்டுகளிலிருந்து ஒரு வரலாற்றைத் தைக்கலாம் என்பதை நமக்குச் செய்து காட்டியவர் அவர்தான். பெரியம்மாவின் பீரோவைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான்.

நடுத்தரக் குடும்பத்துக் கைக்குக் கேமரா வர 1970கள் ஆயின. ஆக்பா க்ளிக் 3 பரோடாவில் தயாரானது. பிளாஸ்டிக் உடம்பு. வெயிலா, மேகமா என்று பார்த்துத் திருப்ப ஒரு சின்ன நெம்பு. எத்தனையாவது படம் என்று காட்ட முதுகில் சிவப்புக் கண்ணாடிச் சன்னல். ஊட்டியில் 1960இல் நிறுவிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967இலிருந்து 'இந்து' என்ற பெயரில் பிலிம் தயாரித்தது. ஆனாலும் பிலிம் மலிவாகக் கிடைத்துவிடவில்லை. ஒரு ரோலை பொங்கலுக்குப் போட்டு ஆடிவரை ஓட்டிய வீடுகள் உண்டு. ஒரே சுருளில் காதுகுத்து, கோடை விடுமுறை, பாட்டியின் கடைசிப் படம் மூன்றும் வரிசையாக வரும்.

இந்தக் கேமராவுக்கு ஒரே ஒரு சட்டம்: சூரியன் எடுப்பவர் முதுகுக்குப் பின்னால் இருக்கவேண்டும். எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பதற்கு அதுதான் காரணம். கோபமில்லை, வெயில். சோழமண்டலக் கரையில் இந்தச் சட்டத்துக்கு ஒரு விளைவு உண்டு. காலையில் சூரியன் கடல்மேல் நிற்கும். எடுப்பவர் கடலுக்கு முதுகு காட்டி நிற்பார், பின்னணியில் ஊர் விழும். தென்னை, தாழம்புதர், ஓலைக் குடிசை, காயும் வலை. மாலையில் சூரியன் ஊர்ப்பக்கம். அப்போது பின்னணியில் கடல் விழும். ஆக, பழைய படத்தில் பின்னால் ஊர் தெரிந்தால் காலை, கடல் தெரிந்தால் சாயங்காலம். ஒரு ஆல்பத்தை ஆவணமாகப் படிக்க இதுவே நல்ல தொடக்கம்.

நெம்மேலிப் படத்தில் பின்னால் கடல். அப்படியென்றால் பொழுது சாய்கிற நேரம். முன்னால் மணலில் ஒரு நீள நிழல் கிடக்கிறது. தோளை உயர்த்தி, முழங்கையை விரித்து நிற்கிற நிழல். அது பெரியப்பா. அந்தப் பயணத்தின் பன்னிரண்டு படங்களில் அவர் இருக்கிற ஒரே படம் இதுதான்.

நிழலுக்கும் அப்பால், வரிசையாக நிற்கிற எட்டுப் பேருக்கும் அப்பால், அகலமாக மணல். அலை வெகுதூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு. மணலில் கரையேற்றிய கட்டுமரங்கள். எண்ணிப்பார்த்தால் ஏழு. இடது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு ஒரு பெண்ணும் இடுப்பில் ஒரு குழந்தையும். யாரோ வந்து படம் எடுக்கிறார்களே என்று வேடிக்கை பார்க்கிறார்கள்.

போன வருடம் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு நெம்மேலிக் குப்பத்துக்குப் போனேன். வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் காட்டினேன். அவர் என் குடும்பத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. கட்டைவிரலால் அவர்களை மறைத்துக்கொண்டு பின்னால் பார்த்தார்.

"இம்மாம் மணலு இருந்துச்சு தம்பி. நாஞ் சொன்னா எம் பேரனே நம்பமாட்டான். இங்க பந்து ஆடுவோம், வலை காயப்போடுவோம், கருவாடு போடுவோம். இப்ப மரத்த, படகை இழுத்து வைக்கவே எடமில்ல."

கொஞ்சநேரம் கழித்துக் கேட்டார்: "இது உங்க ஆளுங்க. எங்க ஆளுங்க யாரு இதுல?"

ஓரத்திலிருந்த பெண்ணைக் காட்டினேன். கண்ணருகில் வைத்துப் பார்த்தார். முகம் தெளிவாக இல்லை. யாரென்று அவருக்கும் தெரியவில்லை.

அவர் வீட்டில் பழைய படம் ஏதாவது இருக்குமா என்று கேட்டேன். கேட்டபிறகுதான் கேட்டிருக்கக்கூடாதோ என்று தோன்றியது. கேமரா எங்கள் மாதிரி குடும்பங்களுக்கு வந்த காலத்தில் குப்பத்துக்கு வரவில்லை. படம் என்றால் ஸ்டுடியோவுக்குப் போகவேண்டும். போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று பயந்தவர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். பல வீடுகளில் ஒருவருடைய முதல் படமே அவர் இறந்தபிறகு நாற்காலியில் உட்காரவைத்து, மாலை போட்டு, சுற்றிலும் சொந்தம் நிற்க எடுத்ததுதான். அவர் வீட்டிலும் ஒரு கல்யாணப் படமும் அப்பாவின் மாலை போட்ட படமும் இருந்திருக்கின்றன. 2004 டிசம்பர் 26 அன்று அலை வீட்டுக்குள் வந்தபோது அவையும் போயின.

தமிழ்நாட்டில் சுனாமியில் இறந்தவர்கள் சுமார் 8,000 பேர். அந்தக் கணக்கில் படங்களைச் சேர்க்கமுடியாது, சேர்க்கவும் கூடாது. ஆனால் ஜப்பானில் 2011 சுனாமிக்குப் பிறகு நடந்ததை இங்கே சொல்லத் தோன்றுகிறது. யமமோட்டோ என்ற கடலோர ஊரில் சேற்றிலிருந்து பொறுக்கிய சுமார் 7,50,000 புகைப்படங்களைத் தொண்டர்கள் தண்ணீரில் கழுவி, காயவைத்து, எண்ணிட்டு, உரியவர்கள் வந்து தேடி எடுத்துக்கொள்ள வகைசெய்தார்கள். வீடிழந்து வந்தவர்கள் முதலில் தேடியது ஆல்பத்தை. படிக்கும்போது எனக்கு இரண்டு எண்ணம் வந்தது. ஒன்று, எவ்வளவு அன்பான வேலை. இன்னொன்று, அங்கே கழுவுவதற்கு ஏழரை லட்சம் படம் இருந்திருக்கிறது. நம் குப்பங்களில் ஒரு வீட்டுக்கு எத்தனை இருந்திருக்கும்?

இருந்த கொஞ்சமும் போனபிறகு, நெம்மேலியின் பழைய கரைக்கு மிச்சமிருக்கிற சாட்சி யாரிடம் இருக்கிறது? வழியில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு போன எங்களிடம். சைதாப்பேட்டையிலும் மயிலாப்பூரிலும் தாம்பரத்திலும், பட்டுப்புடவைகளுக்கு அடியில். இது சந்தோஷமான விஷயமா, சங்கடமான விஷயமா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. முதலைப் பண்ணைக்குப் போனவர்களின் ஆல்பங்களில் 1978இல் அங்கே தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்காரர்கள் விஷம் எடுக்கிற படங்கள் நிறைய இருக்கும். தர்ஸ்டன் செய்ததையே நாமும் சின்ன அளவில் செய்திருக்கிறோம். எடுத்தோம். பேர் கேட்கவில்லை.

கரை ஏன் போனது என்பது பெரிய கதை. இந்தக் கடலோரத்தில் மணல் சும்மா கிடப்பதில்லை. தென்மேற்குப் பருவத்தில் வடக்கே நகரும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே நகரும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். நடுவில் கல்லைப் போட்டுத் தடுத்தால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் கடல் தின்னும். 1870களில் தொடங்கிய சென்னைத் துறைமுகம்தான் இதற்குப் பழைய உதாரணம். தெற்கே மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் ஏறிவந்தது. நெம்மேலியில் 2013இல் நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறந்தது. 2024இல் பக்கத்திலேயே பதினைந்து கோடி லிட்டர் நிலையம் வந்தது. கட்டுமானம் வந்தபிறகுதான் அரிப்பு வேகமானது என்று குப்பத்துக்காரர்கள் பல வருடமாகச் சொல்லி, போராடியும் வருகிறார்கள். நகரத்தில் குழாயைத் திருகுகிற என் கைக்கும் இதில் பங்கு உண்டு.

எங்கள் வீட்டுப் படம் இதில் எதையும் நிரூபிக்காது. ஒரு படம் ஒரு நாளின் கரை. ஜனவரியில் ஒரு அகலம் இருக்கும், ஆகஸ்டில் வேறு இருக்கும். அலை ஏறியிருந்ததா இறங்கியிருந்ததா என்றும் பார்க்கவேண்டும். ஆனால் ஒரு படம் சொல்லமுடியாததை நூறு படம் சொல்லும். மாமல்லபுரத்தில் அது நடந்தும் இருக்கிறது. கடற்கரைக் கோயிலின் பழைய படங்களில் அலை கோயில் காலடியில் மோதுகிறது. இன்று போனால் கருங்கல் தடுப்பு, புல்வெளி, சவுக்கு. படங்கள் இல்லையென்றால் நம் பிள்ளைகள் அந்தக் கோயில் எப்போதும் புல்வெளியில்தான் நின்றது என்று நினைத்துக்கொள்வார்கள். நெம்மேலிக்குக் கோயிலின் புகழ் இல்லை, அதைத் தேடிவந்து எடுத்தவர்களும் இல்லை. பஞ்சரும் மிச்சப்படமும்தான் அதற்கு வாய்த்தன. வேறு வேறு வருடங்களில், வேறு வேறு மாதங்களில் எத்தனை வேன்கள் அந்தச் சாலையில் நின்றிருக்கும்! அந்தப் படங்களை ஒருசேர வைத்துப் பார்த்தால், மணல் எப்போது குறையத் தொடங்கியது, கட்டுமரம் போய் ஃபைபர் படகு எப்போது வந்தது, ஓலை எப்போது ஓடானது எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். பெரியவர் தன் பேரனிடம் காட்ட ஒரு சான்று கிடைக்கும்.

வீட்டுக்கு வந்து படத்தை ஸ்கேன் செய்தேன். ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட பெண் இருக்கிறாரே என்று ஸ்கேன் செய்கிற செயலி தானாகவே கேட்டது: தேவையற்றவர்களை நீக்கவா? இப்போது வருகிற போன்களில் இது ஒரு பெரிய வசதி. முகத்துக்குப் பின்னால் போகிறவர், வருகிறவர், குப்பைத்தொட்டி, மின்கம்பம் எல்லாவற்றையும் விரலால் தேய்த்தால் போதும். அந்த இடத்தில் இல்லாத மணலையும் இல்லாத கடலையும் அதுவே நிரப்பிவிடும். ட்ரைப் காலத்தில் கேமராவுக்குத் திறமை பத்தாமல் ஆட்கள் கரைந்துபோனார்கள். இப்போது திறமை கூடிப்போய்க் கரைகிறார்கள்.

வேண்டாம் என்று அழுத்தினேன். உங்கள் வீட்டிலும் பழைய ஆல்பம் இருந்தால் விளிம்போடு சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். முதுகையும் செய்யுங்கள், அங்கேதான் தேதி இருக்கும். தேதி இல்லையென்றால் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள்.

பெரியவர் என் போனில் அந்தப் படத்தைத் தனக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார். குப்பத்தில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறார். ஒரு பாட்டி, இடுப்புக் குழந்தையின் கையிலிருக்கும் வசம்புக் காப்பைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஒரு பெயர் சொல்லியிருக்கிறாராம். உறுதியில்லை என்றும் சொன்னாராம்.

அந்தப் பெயரைப் படத்தின் முதுகில், பெரியப்பாவின் எழுத்துக்குக் கீழே பென்சிலில் எழுதியிருக்கிறேன். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.